நல்ல தண்ணீர் மோட்டார்

மோட்டாரைக் கழுவாமல் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள், சார். மேசை பாழாகிவிடும். உப்பு பட்ட சாமானை உள்ளே கொண்டுவருவதற்கு முன் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். உங்கள் கரையில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள் இருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். கடல் அடங்கிக் கிடக்கிற நாளில் இங்கே எல்லாரும் 'இன்னைக்கு நல்ல தண்ணி' என்பீர்கள். நாங்கள் ஏரிக்கரைக்காரர்கள். எங்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் உப்பில்லாத தண்ணீர், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்பது புரிகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் தங்கை, தன் புருஷன் படகோடு கடலில் போனதற்குத் தானே காரணம் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "தெனமும் மோட்டாரக் கழுவிக்கிட்டு இருந்தேன். அப்புறம் நிறுத்திட்டேன். யாரும் சொல்லல. சோம்பேறித்தனம்தான்." இப்போதுதான் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மோட்டார் வேலை தெரிந்தவன், கூடப் பிறந்தவன், அதனால் ஓர் அபிப்பிராயம் கேட்கிறீர்கள். கழுவாமல் விட்டால் இந்த மோட்டார் நடுவழியில் நிற்குமா என்று.

நிற்கும், சார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவள் சோம்பேறி இல்லை. அவள் சொன்னதில் அந்த ஒரு வார்த்தை பொய். அதை மட்டும் திருத்திவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திருத்தப் போனால் ஒன்றைத் தொட்டு ஒன்று வரும்போல இருக்கிறது. வரட்டும். எழுதுகிறவருக்கு வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

எனக்கு ஏரிக்கரையில் கடை. படகு மோட்டார், தண்ணீர் பம்பு, மின்விசிறி, சுற்ற வேண்டியது எது சுற்றாமல் நின்றாலும் என்னிடம் வரும். பெற்றவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. நான்தான் பின்னிவிட்டேன். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற கைக்கு ஜடை ஒரு வேலையா. பிறகு அவளும் காயில் சுற்றக் கற்றுக்கொண்டாள். என்னைவிட நெருக்கமாகச் சுற்றுவாள், ஒரு இழை மேல் இன்னொரு இழை ஏறாது. காலையில் கடையில் உட்கார்ந்தோமென்றால் மதியம் வரை எங்களுக்குள் பேச்சே இருக்காது. நான் கையை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து எந்தச் சாமான் கடைக்கு வந்தாலும் ஒரு ஓரத்தில் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். விற்கிறவன் பழசுக்குப் பூச்சு அடித்துப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவான் இல்லையா, அதற்காக. கடைக்காரர்களுக்கு அவள் நகத்தைக் கண்டாலே பயம். நான் கொடுத்ததை மட்டும் அவள் ஒருநாளும் சுரண்டிப் பார்த்ததில்லை.

பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. வந்த ஒவ்வொருவனிடமும் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது, நான் வேண்டுமென்று தேடவில்லை. எனக்கும் கல்யாண யோசனை வரவில்லை. கடலில் ஓடுகிற மோட்டாரில் துத்தநாகக் கட்டி ஒன்று வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உப்பு முதலில் அதைத்தான் தின்னும். அது கரையக் கரைய மோட்டார் பிழைத்துக் கிடக்கும். அந்த வீட்டில் நான் அப்படித்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

மாப்பிள்ளை கெட்டுப்போன பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவன். வாயாடி. அவனை நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவன் என்று சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பம்பை மேசையில் வைப்பதற்குள் தங்கை கேட்டாள், என்ன ஆச்சு என்று.

"கோவிச்சுக்கிட்டு உக்காந்திருச்சுங்க. உங்க அண்ணன் மூஞ்சியக் காட்டினா பயந்துகிட்டு ஓடும்னு கொண்டுவந்தேன்."

அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு அவ்வளவு சத்தமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பம்பை அன்றைக்கே சரிசெய்து கொடுத்து அனுப்பினேன், மறுபடி வரக்கூடாது என்று. மறுபடி வந்தான். நல்லாயிருந்த பம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தான். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு இந்த முகத்துவாரத்துக்கு வந்துவிட்டான். கடையில் அவள் உட்கார்ந்த ஸ்டூல் அப்படியே கிடந்தது. நானே காயில் சுற்றினேன், நானே ஸ்பேனரை எழுந்துபோய் எடுத்தேன்.

எனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தவன் அவன்தான். நான் வீட்டுக்குப் போனால், "ஊமைக்கோட்டான் வந்தாச்சு, யாரும் சத்தம் போடாதீங்கப்பா" என்பான். என் முகத்துக்கு நேராகத்தான் சொல்வான், முதுகுக்குப் பின்னால் பேசுகிறவன் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, தட்டு வைத்தால் முதலில் எனக்குத்தான் பரிமாறச் சொல்வான். அக்கம்பக்கத்துக்காரர்களும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பொருட்படுத்தவில்லை. ஊர் வாயை மூட முடியுமா.

ஒருநாள் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கையின் குரல் கேட்டது.

"சீக்கிரம் எந்திரிங்க, கோட்டான் வர்ற நேரமாச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, அப்போதுதான் வருகிறவன் மாதிரி திரும்பி வந்தேன். அவள் வாசலுக்கு ஓடிவந்து "வாண்ணா" என்று பையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, சார். வயிறு எரிந்தது. கோபம் வந்தால் அடங்கிவிடும். அவளை அவளுக்கே தெரியாமல் அவன் வேறு ஆளாக மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு அண்ணன் அதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். முகத்துவாரத்துக்கு நடுவே இருக்கிற மணல் திட்டில் பறவைகள் கூடு கட்டும், அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களைப் படகில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது அவன் பிழைப்பு. என் கடைக்கு வந்து நின்றான்.

"மச்சான், பெட்ரோல் இன்ஜின் சத்தத்துக்குப் பறவையெல்லாம் எந்திரிச்சுப் போயிடுது. அப்புறம் வந்தவங்க என் மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போகணும். சத்தமில்லாத பேட்டரி மோட்டார் ஒண்ணு போட்டுக் குடுங்க."

இந்த மோட்டார் அப்போது என் அலமாரியில் இருந்தது. ஏரிப் படகு ஒன்றிலிருந்து கழற்றி, உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கிற சீலை மாற்றி வைத்திருந்தேன். ஏரிக்கென்றே செய்த மோட்டார். ஏரித் தண்ணீரில் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். உப்புத் தண்ணீருக்கு இதில் ஒரு பாதுகாப்பும் கிடையாது. திருகாணி சாதா இரும்பு, துத்தநாகக் கட்டி வைக்க இடமே இல்லை, ஒயர் இணைப்பெல்லாம் திறந்தபடி. எடுத்துக் காட்டினேன்.

"எப்படி மச்சான், நல்லா ஓடுமா?"

"நல்ல தண்ணியில நல்லா ஓடும்."

"அது போதும். கெட்ட தண்ணியில எவன் போவான்? வீட்ல திட்டுவா."

நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. எங்கள் ஊர்ப் பொருளில் சொன்னேன், அவன் உங்கள் கரைப் பொருளில் எடுத்துக்கொண்டான். அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. உப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஊமைக்கோட்டானுக்கு அதற்கு மேல் பேச்சு வராது. காசைப் பற்றி அவன் பேச்செடுத்தபோது, தங்கச்சி வீட்டுக்குத்தானே, எடுத்துட்டுப் போங்க என்றேன். கண் கலங்கிவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேலி பண்றதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மச்சான்" என்றான். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நான் செய்தது இவ்வளவுதான் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். நீங்கள் மோட்டாரை இப்படித் திருப்பி வைத்திருக்கிறீர்கள். வெள்ளைக்கு அடியில் கறுப்பு தெரிகிறது.

எங்கள் பக்கம் விற்கிறதில் கடலுக்குச் செய்த மோட்டார் வெள்ளையாக இருக்கும், ஏரிக்குச் செய்தது கறுப்பாக இருக்கும். தொழிலில் இருக்கிறவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவன்தான், "வெள்ளையா இருந்தா எடுப்பா இருக்கும் மச்சான், பக்கத்துத் துறையில எல்லாரும் அப்படித்தான் வெச்சிருக்காங்க" என்றான். கேட்டான், அடித்துக் கொடுத்தேன். முதல் பூச்சு காய்ந்தபிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டாவது பூச்சு. நல்ல வேலை. பக்கத்துத் துறைக்காரர்கள் கறுப்பைப் பார்த்தால் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பதும் என் யோசனையில் இருந்தது. தங்கையும் நிறம் பார்க்கத் தெரிந்தவள். வெள்ளையைப் பார்த்துக் கடல் மோட்டார்தான் என்று இருந்துவிட்டாள். அண்ணன் கொடுத்ததல்லவா.

அந்தச் சமயத்தில் அவன் உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். படகு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது மோட்டார் நின்று அவன் அசடு வழிய வேண்டும். அவனைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும். பிழைப்பு போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஏரிக்கரைக்கு வருவார்கள், என் கடையில் அவனுக்கும் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருப்பேன். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இருந்தது.

மோட்டார் நிற்கவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது, ஓடிக்கொண்டே இருந்தது. அவன் என்னை இன்னும் புகழ்ந்தான். "மச்சான் கை வெச்ச மோட்டாருன்னா சும்மாவா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எனக்குப் பிடிபடவில்லை. என் கணக்கு தப்பாகாது. பார்த்துவிடலாம் என்று ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

பின்கட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மோட்டாரை மடியில் கிடத்தி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தாள். இந்தக் கரையில் குடிதண்ணீர் லாரியில் வருகிறது, உங்களுக்கே தெரியும். தன் பங்குத் தண்ணீரில் அதற்கென்று ஒரு வாளி எடுத்து வைத்திருந்தாள். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றி, உள்ளே வலை நூல் சுற்றியிருந்ததைக் கூட எடுத்திருந்தாள். திருகாணி ஒவ்வொன்றிலும் எண்ணெய் தொட்டு வைத்திருந்தாள்.

"யாரு கழுவச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலண்ணா. உப்பு பூத்து அசிங்கமா இருந்துச்சு. நம்ம கடையில எதையாவது நாம அழுக்கோட வெச்சிருக்கோமா?"

என்னிடம் கற்றுக்கொண்டதை எனக்கே திருப்பிச் சொன்னாள். ஒரு வாளித் தண்ணீரில் என் வேலையையெல்லாம் அவள் தினமும் அலசி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ சுத்தம் பார்க்கிற பழக்கம், அதற்காகத்தான் செய்தாள், வேறு ஒன்றும் இல்லை. பாதி வாளி மிச்சமிருந்தது. அதை அவள் மறுநாளைக்கு மூடி வைத்தாள்.

"கழுவாத. மேல இருக்குற பெட்டிக்குள்ள தண்ணி எறங்கிடும்."

"நாள் பூரா தண்ணியிலதானே கெடக்குது?"

"அது கீழ. இது மேல. உள்ள தண்ணி போனா ஷாக் அடிக்கும். மாப்பிள்ளைதான் கையில புடிக்கிறாரு, நீ இல்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இத்தனை நாளா தெரியாம செஞ்சுட்டேனே" என்று கையைத் துடைத்துக்கொண்டாள். மூடி வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். சோம்பேறித்தனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அது இதுதான். என் பேச்சைக் கேட்டு நிறுத்தினாள். அவன் உயிருக்கு ஆபத்து என்று சொன்னதால் நிறுத்தினாள். நான் வெறுமனே வேண்டாம் என்றிருந்தால் ஒருவேளை கேட்டிருக்கமாட்டாள் என்று பிறகு பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அது எனக்குக் கசப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு உப்பு தன் வேலையைப் பார்த்தது. கடைசியாக நான் போயிருந்தபோது அவனே மோட்டாரைக் கொண்டுவந்து காட்டினான்.

"நடுவுல நடுவுல இருமுது மச்சான். என்னான்னு பாருங்க."

திறந்து பார்த்தேன். தண்டுப் பக்கம் சீல் அரித்துப் போயிருந்தது. செம்பு ஒயரில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, ஒரு இணைப்பு தொட்டாலே கையோடு வரும்போல் இருந்தது. கரைக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டினால் ஓடும். தண்ணீர் இழுப்புக்கு எதிராக முழு வேகம் கொடுத்தால் சூடேறி அங்கேயே நின்றுவிடும். மூடினேன். வெளியே துடைத்து, கிரீஸ் தடவி, பளிச்சென்று கையில் கொடுத்தேன். நல்லாத்தான் இருக்கு என்றேன். சார், மோட்டாரைப் பற்றி நான் வாயால் சொன்ன பொய் என்று பார்த்தால் அந்த ஷாக் விஷயமும் இதுவும்தான்.

படகில் இரண்டு துடுப்பு வைத்திருந்தான். மோட்டார் நின்றால் தள்ளிக்கொண்டு வர. அவற்றின் பிடி தேய்ந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போதும் என் கடையில்தான் இருக்கின்றன. பிடி மாற்றியாகிவிட்டது. சொன்ன வேலையைச் செய்யாமல் விடுகிறவன் இல்லை நான்.

இன்னொன்று. அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும்போது ஆற்றுத் தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சாக வெளியே இழுக்கும். முகத்துவாரத்தில் அந்த நேரத்தில் நிற்க முடியாது. சாயங்காலம் கூட்டமில்லை என்றால் தங்கையும் படகில் கூடப் போய்த் திட்டில் உட்கார்ந்திருப்பாள். அது எனக்குத் தெரியும். அதனால் அந்த வாரம் அவளுக்குப் போன் செய்தேன். காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, ரெண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றேன். அவள் உடனே பஸ் ஏறி வந்துவிட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சூடே இல்லையேண்ணா" என்றாள். மாத்திரை போட்டேன் என்றேன்.

இப்போது உங்களுக்குக் கணக்கு நேராகியிருக்கும். சீல், களிம்பு, துடுப்பு, இழுப்பு, தங்கை என் வீட்டில். நான் முன்பு அடிக்கோடு போடச் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். ஆரம்பத்தில் அது உண்மையாக இருந்தது. பிறகு இல்லை.

நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. கடல் அடங்கித்தான் கிடந்தது, உங்கள் பாஷையில் நல்ல தண்ணி. ஒரு குடும்பத்தைத் திட்டில் இறக்கிவிட்டு, துறையில் காத்திருந்த மற்றவர்களைக் கூட்டிவர அவன் தனியாகத் திரும்பியிருக்கிறான். அந்தக் குடும்பமும் படகிலேயே இருந்திருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், யோசித்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். நடு ஓட்டத்தில் மோட்டார் நின்றது. நங்கூரம் போட்டிருக்கிறான், அந்த இழுப்பில் மணலில் அது பிடிக்காது. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறான். வழியெல்லாம் அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே கூட்டிப்போனவன் இல்லையா, இதுவும் ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவர்களும் சிரித்துக்கொண்டே கை ஆட்டியிருக்கிறார்கள். அலை உடைகிற இடத்துக்குப் படகு போய்ச் சேரும் வரை ஆட்டினார்களாம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

செய்தி வந்தபோது தங்கை என் கடையில், பழைய ஸ்டூலில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். நானும் அவளை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கடையில் முன்போலவே அமைதி. நான் கை நீட்டினால் ஸ்பேனர் வந்தது. அவள் சிரிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவள் ஒன்றும் சிரித்துப் பழகிய பெண் இல்லையே. இடையில் வந்த பழக்கம், போய்விட்டது. எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது, இந்த மோட்டார் யாருடைய வலையிலோ மாட்டிக் கரைக்கு வராமல் இருந்திருந்தால். ஆள் சொல்லி அனுப்பினார்கள், அவள் வந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்துத் துறைப் படகுக்காரர் சும்மா இருக்காமல், "ஏம்மா, கடல்ல ஓடுற மோட்டார தெனமும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவணுமே, கழுவலையா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவள் வீடு திரும்பவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

இந்தச் சுரண்டல் நீங்கள் போட்டதுதானே, சார்? இல்லையா. அவள் கொண்டுவந்து வைக்கும்போதே இப்படித்தான் இருந்ததா. நாலு கோடு, பக்கத்தில் பக்கத்தில். நகத்தால் சுரண்டியது போலத்தான் இருக்கிறது. கல்லில் உரசியிருக்கும். கடலுக்கு அடியில் கல்லுக்கா பஞ்சம்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையைக் கொன்றது நான். தெரிந்து செய்தேன், பொறுமையாகச் செய்தேன். அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவளுடைய காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு உதவி. எழுதியதை எடுத்துப்போய் அவளிடம் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். எதற்காகச் செய்தேன் என்பது தெரிந்தால் புரிந்துகொள்வாள். சின்ன வயதிலிருந்து என் கையில் வளர்ந்தவள். யாரும் சொல்லல என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே, கவனித்தீர்களா? புருஷன் போனபிறகும் என் பேரை வெளியே விடவில்லை. அதில் தெரியவில்லையா அவள் யார் பக்கம் என்று. எனக்கு எத்தனை வருஷம் போட்டாலும் கடையை அவள் பார்த்துக்கொள்வாள். நான் திரும்பி வரும்போது ஸ்டூல் அதே இடத்தில் இருக்கும்.

காலையில் நான் வந்தபோது அவள் அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, களைப்பாக இருந்திருக்கும். ஆனால் நான் பக்கத்தில் போனதும் எழுந்து பெஞ்சின் கடைசி முனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு இடம் விட்டாள், சார்.